பழைய குழிகளுக்கு முளை அடித்தவர்

குடிவந்த முதல் நாளே அந்த மனிதர் வாடகை வீட்டுச் சுவரைக் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். பலமாக அல்ல, மெதுவாகத்தான். நாலு சுவரையும் டொக், டொக் என்று தட்டிக்கொண்டே சுற்றி வந்தார். ஒரு மூலையில் நின்று காதை வைத்துக் கேட்டார். பிறகு பாயைத் தூக்கிக்கொண்டு போய் எதிர் மூலையில் விரித்தார்.

வீட்டுச் சொந்தக்காரருக்கு மாந்தோப்பு உண்டு, சந்தேகமும் உண்டு. அன்று சாயங்காலமே டீக்கடைக்கு வந்துவிட்டார்.

"ஏனுங்க, அந்தாளு என்ற ஊட்டுச் செவுத்துல என்னமோ தேடறானுங்க. பொதையல் கிதையல் இருக்குதுன்னு எவனாச்சும் சொல்லியுட்டானோ என்னமோ."

டீ ஆற்றிக்கொண்டிருந்த ரங்கநாயகி அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பொதையல் இருந்தா நீங்க அதை வாடகைக்கா உட்டிருப்பீங்க?" என்றார்.

அடுத்த மழைக்கு அந்த மூலையில் காரை பெயர்ந்து விழுந்தது. அந்த மனிதர் மூலை மாற்றிப் படுத்தது சரிதானே என்று நாங்கள் கேட்டதற்கு, அவர் தட்டியதால்தான் விழுந்தது என்று வீட்டுக்காரர் ஒரே பிடியாக நின்றார். அந்த மனிதர் விஷயத்தில் எல்லாமே இப்படித்தான். எதையும் நல்லதாகவும் சொல்லலாம், கெட்டதாகவும் சொல்லலாம்.

பாலக்காட்டுப் பக்கம் முதலமடையைத் தாண்டி, மாந்தோப்புகள் முடிந்து மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் எங்கள் கல்குவாரி. நான் அங்கே ஜாக்ஹாமர் பிடிக்கிறவன். கம்ப்ரஸர் காற்றில் ஓடுகிற அந்தக் கருவியைப் பாறையில் ஊன்றி, இடுப்பாழம், ஆளாழம் என்று குழி போடுவது என் வேலை. அந்தக் குழியில் மருந்துத் தோட்டாவையும், அதை வெடிக்க வைக்கிற விரலளவு கேப்பையும் இறக்கி, மண் திணித்து, ஒயர் இணைத்து, சைரன் ஊதி வெடிக்க வைப்பது அவர் வேலை. அதற்குச் சர்க்கார் சர்டிபிகேட் வேண்டும். அவர் அதைப் பிளாஸ்டிக் கவரில் போட்டுச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார். வேறு சொத்து அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் காகிதம் இல்லையென்றால் எந்தக் குவாரியிலும் அவரை ஒரு துண்டு ஒயரைத் தொட விடமாட்டார்கள்.

பெயர் எனக்குத் தெரியும். எழுத மனசு வரவில்லை. நாங்கள் எல்லோரும் டன்னல்காரர் என்றுதான் சொல்வோம். இடுக்கியில் ஒரு தேயிலை எஸ்டேட் லய வீட்டில் பிறந்தவர். அங்கே மலைக்குள் தண்ணீர் கொண்டுபோகச் சுரங்கம் குடைந்தபோது பல வருஷம் உள்ளே வேலை செய்தாராம். பேச்சு தெற்கத்திப் பேச்சு. எங்களுக்கு அது சண்டைக்கு வருகிற மாதிரி இருக்கும். எங்கள் 'ங்க' போட்ட பேச்சு அவருக்கு ஏமாற்ற வருகிற மாதிரி இருந்ததாம். அவரே சொன்னார்.

சுரங்கத்துக்குள் தலைக்கு மேலே பாறை. கெட்டிப் பாறையைத் தட்டினால் ணங்கென்று மணி மாதிரி கேட்கும். உள்ளே விரிசல் விட்டு, எப்போது விழலாம் என்று இருக்கிற பாறை டொப்பென்று கேட்கும். அதனால் உள்ளே போகிறவன் கூரையைத் தட்டிக்கொண்டேதான் போக வேண்டும். அவர் வெளியே வந்த பிறகும் அதை விடவில்லை. உட்காரும் முன் டீக்கடை பெஞ்சைத் தட்டுவார். சித்தூர் பஸ்ஸில் ஏறினால் சீட்டுக் கம்பியைத் தட்டுவார். கண்டக்டர் ஒருநாள் கேட்டேவிட்டான்: "இறங்கணுமா, இல்ல வண்டிய வாங்கப் போறீங்களா?"

அவ்வளவு வருஷம் இருந்த சுரங்க வேலையை ஏன் விட்டு வந்தார் என்பதற்கு எங்களிடம் மூன்று கதைகள் இருந்தன. கேப் திருடி மாட்டிக்கொண்டார் என்பது ரங்கநாயகி அக்கா கடையில் உலவிய கதை. அவர் வைத்த வெடியில் ஆள் செத்துப்போனதென்பது என்னோடு ஜாக்ஹாமர் பிடித்த தண்டபாணியின் கதை. ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான் என்பது மேனேஜர் சொன்னது. அவரிடமே கேட்டேன். "டன்னல் முடிஞ்சு போச்சுவே. அந்தப் பக்கம் வெளிச்சம் வந்த பெறகு உள்ள ஒக்காந்து என்னத்தைச் செய்ய?" என்றார். பதில் மாதிரியும் இருந்தது, மழுப்பல் மாதிரியும் இருந்தது.

மற்ற வெடிக்காரர்கள் புகை கலைவதற்குள் "போகலாம்" என்று கை காட்டிவிடுவார்கள். இவரிடம் அது நடக்காது. கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பாறைமேல் வைத்து, அரை மணி நேரம் ஒருவரையும் அசைய விடமாட்டார். டிப்பர்கள் ஹாரன் அடிக்கும். கீழே ஜல்லி உடைக்கிற கிரஷர் காலியாகச் சுற்றுகிற சத்தம் கேட்கும். மேனேஜர் போன்மேல் போன் போடுவார். இவர் அந்த அரை மணியில் எங்களை ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டு, "எத்தனை கேட்டுச்சு?" என்பார். குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். எத்தனை வெடி கேட்டது என்று நாங்கள் எண்ணிச் சொல்ல வேண்டும். ஆளுக்கொரு எண் சொன்னால் இன்னும் கால் மணி நேரம் கூடும்.

ஒருநாள் தண்டபாணி யோசனை சொன்னான். குழி போடுகிற நாங்கள் நாலு பேரும் முன்னாலேயே பேசிவைத்து, இருபத்திரண்டு என்றே சொன்னோம். எல்லோரையும் கேட்டு முடித்துவிட்டு டன்னல்காரர் பீடியைப் பற்றவைத்தார்.

"குழி இருவத்திரண்டுதான்வே. நான் இன்னைக்கு மருந்து வச்சதே இருவதுலதான்" என்றார். "நாலு பேரும் ஒண்ணு போலச் சொன்னா எனக்குச் சந்தேகம் கூடத்தான்வே செய்யும்."

அன்று முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்.

வெடிக்கும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்வார். செய்துவிட்டு மறுபடியும் போய் எல்லா இணைப்பையும் பார்ப்பார். "அதான் ஜெபம் பண்ணியாச்சே, கர்த்தர் பாத்துக்க மாட்டாருங்களா?" என்று நான் கிண்டினேன். "கர்த்தரை நம்புதேன்வே. ஒயரை எதுக்கு நம்பணும்?" என்றார். வெடித்து முடிந்ததைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. "வெடிக்காம ஒருத்தன் உள்ள ஒக்காந்திருப்பான். அவனைத்தான் தேடுதேன்" என்பார். வெடிக்காத மருந்தை 'அவன்' என்றே சொல்வார்.

அந்தத் தேடல்தான் எங்களுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. புகை அடங்கியதும் தோளில் ஒரு சாக்குப் பையோடு தனியாக இறங்குவார். எங்களை வரவிட மாட்டார். பாறை முகத்தில் ஒவ்வொரு இடமாகக் குனிவார், மூங்கில் குச்சியால் நோண்டுவார், எதையோ எடுப்பார், பையில் கைவிடுவார். மேலே நின்று பார்க்கிற எங்களுக்கு, பையிலிருந்து எடுக்கிறாரா, பைக்குள் போடுகிறாரா என்று தெரியாது.

பையிலிருந்து எடுத்தவை முளைகள். அது எனக்குத் தெரியும். உடைந்த மாம்பழப் பெட்டிகளின் பலகையைச் சீவி, விரல்கட்டை போல் முளை செய்து வைத்திருப்பார். வெடித்த பிறகு பழைய குழிகளின் அடிப்பாகம் பாறையில் ஒரு சாணோ ஒன்றரைச் சாணோ மிஞ்சி நிற்கும். அவற்றின் வாயில் ஒவ்வொன்றாக முளை அடித்து அடைத்துவிடுவார். ஏன் என்று எங்களுக்கு நன்றாகவே தெரியும். எங்களை மனதில் வைத்துத்தான்.

ஜாக்ஹாமர் பிடிக்கிறவனுக்கு ஒவ்வொரு குழியிலும் முதல் ஒரு சாண்தான் நரகம். சரிவான பாறையில் துளைக்கிற ராடின் முனை நிற்காது, வழுக்கும். ராடு துள்ளி முழங்காலில் அடிக்கும். பழைய குழியின் மிச்சத்தில் முனையை வைத்துவிட்டாலோ வழுக்காது, ஒரு சாண் ஓசியில் கிடைக்கும். கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அடியில் வெடிக்காத மருந்து தங்கியிருந்தால் முனை நேராக அதன்மேல் குத்தும். இருந்தும் எல்லோரும் செய்வோம். அவர் வந்த பிறகு செய்ய முடியவில்லை. நான் குறடு வைத்து முளையைத் திருகிப் பிடுங்கக் கற்றுக்கொண்டேன். பிடுங்கியதைப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். துணி துவைக்கும்போது என் வீட்டுக்காரி கேட்டாள்: "கல்லு ஒடைக்கப் போறீங்களா, தச்சு வேலைக்குப் போறீங்களா?"

அந்தக் கோடையில் பக்கத்து ஏரி ஒன்றில் யாரோ வெடி போட்டு மீன் பிடித்தார்கள். குஞ்சும் குளுவானும் செத்து மிதந்தன. கேப் எந்தக் குவாரியிலிருந்து போனது என்று போலீஸ் விசாரிக்கத் தொடங்கியது. மேனேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். என்னைத் தனியே அழைத்தார்.

"எடோ, அயாள்மேல் ஒரு கண்ணு வெக்கணும். பையில என்ன கொண்டுபோறார்னு பார்த்து என்கிட்ட மாத்ரம் சொல்லு."

எனக்கு அந்த வேலை பிடித்திருந்தது என்பதை ஒளிக்கக் கூடாது. வெடித்த எண்ணிக்கையை எங்களிடம் போலீஸ்காரர் மாதிரி கேட்டவரை, நான் போலீஸ்காரன் மாதிரி பார்க்கக் கிடைத்த சந்தர்ப்பம். அவர் பையை எங்கே வைக்கிறார், யாரோடு பேசுகிறார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போது பையோடு போகிறாரா என்றெல்லாம் பார்த்தேன். பையோடுதான் போனார். அதை மனதில் குறித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை. வடக்கு மூலையில் பாறை பளிங்கு போல வழுக்கியது. மூன்று தரம் முழங்காலில் அடி வாங்கினேன். பக்கத்திலேயே ஒரு முளை. சுற்றிலும் பார்த்துவிட்டுப் பிடுங்கினேன். முனையை அதில் வைத்துக் காற்று வால்வைத் திறந்தேன். ஒரு நிமிஷம்கூட ஓடியிருக்காது. ஜாக்ஹாமர் கையில் செத்துப்போனது.

திரும்பினால், டன்னல்காரர் காற்றுக் குழாயின் வால்வை அடைத்துவிட்டு நிற்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

"கருவியை மேல தூக்கும். மெதுவா. பக்கத்துல வையாதேயும்" என்றார்.

பிறகு மண்டியிட்டு, அந்தக் குழிக்குள் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே இருந்தார். ஊறிய சகதியை மூங்கில் குச்சியால் நூல் நூலாக வழித்தார். சகதியில் சாம்பல் நிறத்தில் மருந்து வந்தது. அப்புறம் ஒரு ஒயரின் நுனி தெரிந்தது. அதை இழுக்கவே இல்லை. மறுபடியும் தண்ணீர். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் ஒரு கேப் முழுசாக நீரோடு வெளியே வந்தது. என் ராடின் முனை நின்ற இடத்துக்கும் அதற்கும் நடுவே இரண்டு விரல்கடை இருந்திருக்கும்.

தவறிக்கூடக் கரண்ட் பாயாதபடி, அவர் அதன் இரண்டு ஒயர் நுனிகளையும் சேர்த்து முறுக்கினார். சாக்குப் பையில் இருந்த ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"மேனேஜர் கிட்டச் சொல்லோணுமில்லீங்ளாண்ணா?" என்றேன்.

"சொன்னா மொதல்ல என்ன கேப்பாவ? முளையைப் பிடுங்குனது யாருன்னு கேப்பாவ. அப்பறம் உமக்கு இங்க சோலி இருக்குமாவே?" என்றார். "இதை நான் அழிச்சிருவேன். போயி டீ குடியும்."

டீ குடிக்கப் போனேன். ரங்கநாயகி அக்கா, "ஏஞ்சாமி, பேயறஞ்ச மாதிரி வந்து நிக்கற?" என்று கேட்டார். காய்ச்சல் என்று சொன்னேன்.

உயிரைக் காப்பாற்றினவர்மேல் சந்தேகம் வருமா? எனக்கு வந்தது. அன்று மத்தியானத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கிடைத்த கேப்பைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று எங்கள் எல்லோரையும் விட அவருக்குத் தெரியும். ஒரு எண்ணிக்கைக்காக முக்கால் மணி நேரம் உட்கார வைக்கிறவர் இதை ஏன் எழுதாமல் விட்டார்? எனக்காகவா? என்னைச் சாக்காக வைத்துத் தனக்கு ஒரு கேப் எடுத்துக்கொண்டாரா? இப்படி எத்தனை முறை எடுத்திருப்பார்?

இரண்டு வாரத்தில் போலீஸ் மறுபடியும் வந்து போனது. மேனேஜர் என்னையும் டன்னல்காரரையும் அலுவலக அறைக்கு அழைத்தார். மேஜைமேல் சாக்குப் பையைக் கொட்டச் சொன்னார். முளைகள், மூங்கில் குச்சி, காலி மரப்பெட்டி, ஒரு ஜெபப் புத்தகம்.

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ நேரா சொல்லு. அயாள் கேப் எடுத்துப் பையில வெக்கறது நீ கண்டோ?"

"பாத்தேனுங்க" என்றேன்.

"எப்போ?"

"ரெண்டு வாரத்துக்கு முந்தி. வடக்கு மூலையிலீங்க."

அதுவரை உண்மை. அதோடு நிறுத்திக்கொண்டேன். முளையைப் பிடுங்கியதைச் சொல்லவில்லை.

"அந்தக் கேப் எவிட?" என்று மேனேஜர் அவரிடம் கேட்டார்.

"அடுத்த வெடியோட சேத்து வச்சு அழிச்சாச்சு சார்."

"பதிவேட்டில எழுதியோ?"

"எழுதலை."

"எந்தா, ஏன் எழுதாத்தது?"

டன்னல்காரர் என்னைப் பார்ப்பார் என்று எதிர்பார்த்து நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மேஜையில் கிடந்த முளைகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுதாதது தப்புத்தான் சார்" என்றார்.

மேனேஜர் சர்டிபிகேட்டைக் கேட்டார். புகார் எழுதி மேலே அனுப்ப வேண்டுமாம். அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, அந்தப் பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜைமேல் வைத்தார். மறுநாள் காலை இடுக்கிக்குப் போய்விட்டதாக வீட்டுக்காரர் சொன்னார். வாடகை பாக்கி இல்லை என்பதையும் சந்தேகத்தோடேதான் சொன்னார்.

புது வெடிக்காரர் வந்தார். சிரித்த முகம், போனில் பாட்டு. வெடிச் சத்தம் நின்ற கையோடு "இறங்குங்க" என்பார். முளையும் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் பாறை முகத்தில் வாயைப் பிளந்துகொண்டிருந்த பழைய குழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் நாள் தண்டபாணி ஒரு பழைய குழியில் முனையை வைத்தான். நான் ஓடிப்போய் அவன் வால்வை அடைத்தேன்.

"ஏனுங்ணா, உங்களுக்கும் டன்னல்காரரு காத்து அடிச்சுப்போட்டுதா? இத்தன வருசமா நீங்க வெக்காத குழியா?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீர் ஊற்றியது, சாம்பல் நிற மருந்து, இரண்டு விரல்கடை. தண்டபாணி கேட்கக் கேட்கக் கீழே உட்கார்ந்துவிட்டான்.

"இதை ஆபீசுல சொன்னீங்களா?"

"இல்ல."

"அந்த மனுசன் பக்கத்துலயேதான நின்னுட்டிருந்தாரு? அவரு முன்னாடியுமா சொல்லல?"

அவன் எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டான். "அந்தக் கவரை இன்னும் அனுப்பலீங்ணா. நேத்துக்கூட மேனேஜர் மேசைல பாத்தேன்" என்றான். சொல்லிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான்.

போனேன். மேனேஜர் நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இன்னைக்கு சொல்றது சத்யமா, அன்னைக்கு சொன்னது சத்யமா?"

"ரெண்டும் சத்தியந்தானுங்க."

"அயாள் உனக்கு ஏதாவது தந்தோ?"

"உசுரத் தந்தாருங்க" என்றேன். வசனம் மாதிரி வந்துவிட்டது. எனக்கே கூச்சமாக இருந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை. ஒரு வெள்ளைத் தாளை முன்னால் தள்ளினார். முளையைப் பிடுங்கியது நான் என்று எழுதி, பெயரெழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஜாக்ஹாமர் வேலை அன்றோடு போயிற்று. கிரஷருக்குக் கீழே, சல்லடையில் ஜல்லி ஒதுக்குகிற வேலைக்குப் போட்டார்கள். நாள் முழுக்கத் தூசி, இருமல். அது போகட்டும். ஏரியில் வெடி போட்டது யாரென்று இன்றுவரை தெரியாது. அவராக இருக்காது என்று சத்தியம் செய்வேன். செய்யும்போது மனதின் ஒரு ஓரத்தில், கையில் அந்த மரப்பெட்டியோடு அவர் குனிந்து நிற்பதும் தெரியும்.

மேனேஜர் சொல்லியனுப்ப, கவரை வாங்க டன்னல்காரரே நேரில் வந்தார். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. மேனேஜர் கவரை நீட்டினார். இங்கேயே திரும்ப வேலைக்கு வரச் சொன்னார். அவர் சர்டிபிகேட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கையெழுத்து, முத்திரை, பின்பக்கம். பிறகு மடித்து நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

சல்லடைத் தூசியோடு வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என்ன சொல்வதென்று ஒரு வாரமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோனது.

"வடக்கு மூலையில பக்கத்துலேயே இன்னும் ரெண்டு குழி உண்டும். முளை இருக்காவே?" என்றார்.

"அடிச்சாச்சுங்ணா. நானும் தண்டபாணியும் சேந்து எல்லாத்துக்கும் அடிச்சாச்சு."

"எல்லாத்துக்கும்?"

"எல்லாத்துக்குமுங்க."

சரியென்று தலையை ஆட்டினார். பிறகு வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நான் சொன்னதைப் பார்த்துவரக் குவாரிக்குள் இறங்கினார்.